அறுபடாத மோதிரம்

“அறுங்க பாய். விரலுக்குப் பயந்து கைய இழுக்க மாட்டேன். மோதிரம் வந்தாப் போதும்.”

உத்தமபாளையத்தில் சலீம் தன் லேத் பட்டறையைத் திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் சின்னமனூர்ப் பக்கமிருந்து பஸ் ஏறி வந்த ஒச்சாண்டி, இடது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதிரில் நின்றார். வயது எழுபதுக்குக் குறையாது. மோதிர விரல் முழுக்க மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துத் தடிமனாக அப்பிக் காய்ந்த பத்து. நடுவில் கறுப்பாக ஒரு வளையம்.

“எப்பருந்து மாட்டிக்கிட்டு நிக்கிது?”

“முந்தாநேத்து போட்டேன். நேத்து வீங்கிருச்சு. வெளக்கெண்ண, சோப்பு எல்லாம் பாத்தாச்சு.”

“ஆஸ்பத்திரிக்குப் போகாம இங்கன ஏன் வந்தீக?”

“அங்கன விரலப் பாப்பாக. மோதிரத்தப் பாக்கணும்னா நீங்கதேன். பாய்கிட்ட அறுபடாத இரும்பு கம்பத்துக்கும் தேனிக்கும் நடுவுல கெடையாதுன்னு சொன்னாக.”

அந்தப் பேச்சு சலீமுக்குப் பிடித்துப்போனது. டிராக்டர் அச்சு, கரும்பு ஆலை உருளை என்று எத்தனையோ அவரிடம் அறுபட்டுப் போயிருக்கின்றன. ஒரு மோதிரம் என்ன பெரிய மோதிரம்.

மோதிரத்துக்கும் விரலுக்கும் நடுவே ஒரு தகரக் கீற்றைச் செருகிவிட்டு ரம்பத்தை இழுத்தார். கீச்சென்று சத்தம் வந்தது. பிளேடைத் தூக்கிப் பார்த்தால் பல்லெல்லாம் மழுங்கிக் கிடந்தது.

“பழைய பிளேடப் போட்டு இழுக்குறீக,” என்றார் ஒச்சாண்டி.

“இன்னைக்குப் பிரிச்சது பெரியவரே.”

“பிரிச்சது இன்னைக்கு. செஞ்சது என்னைக்கோ. வேற போடுங்க.”

வேறு போட்டார். அதுவும் மொட்டையானது. முக்கோண அரத்தை எடுத்தார். அது கண்ணாடிமேல் வழுக்குவதுபோல் வழுக்கியது.

“வலிக்குதா?”

“வலி கெடக்கட்டும். கோடு விழுந்துச்சா, அதச் சொல்லுங்க.”

“விழல.”

சலீமுக்கு விரல் மறந்துபோய் மோதிரத்தின்மேல் யோசனை போனது. லேத்தில் இரும்பைச் சீவும் எஃகுக் கட்டி ஒன்றை எடுத்து மோதிரத்தின் விளிம்பில் அழுத்தி உரசினார். பளிச்சென்று ஒரு கீறல் விழுந்தது. கட்டியில்.

“இது இரும்பே இல்ல. யாரு கொடுத்தா?”

“கொடுத்தவன் டைட்டானியம் கார்பைடுன்னு ஏதோ சொன்னான். பேரே வாய்க்குள்ள நொழைய மாட்டேங்குது. அப்படி ஒண்ணு இருக்கா, இல்ல கத விடுறானா?”

“இருக்கு. பீங்கான் சாதி.” சலீம் லேத்தில் மாட்டியிருந்த டூலின் நுனியைக் காட்டினார். “இந்தா, நகக்கண்ணு அளவுக்கு டிப்பு இருக்குல்ல, இந்த மாதிரி டிப்புல அதச் சேப்பாக. சிலதுக்கு மேப்பூச்சாவும் பூசுவாக.”

“டீ குடிக்கிற பீங்கான் இரும்பச் சீவுமா? என்னையக் கேணப்பயன்னு நெனச்சீகளா?”

“சாதிதேன் ஒண்ணு. கொணம் வேற.”

“தீயில காட்டுனா?”

“இரும்பு தண்ணியா ஓடுற சூடு இருக்குல்ல, அதுல ரெண்டு மடங்கு வேணும் இது எளக.”

“துரு?”

“ஏறாது.”

“கனம்?”

“இரும்பவிடக் கம்மி.”

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர்போல் ஒவ்வொரு பதிலுக்கும் ஒச்சாண்டி தலையை ஆட்டினார். “அப்ப எதுக்குத்தேன் அறுபடும்?”

“வைரத்தூள் பதிச்ச சக்கரம் வேணும். எங்கிட்ட இல்ல. இருந்தாலும் விரலோட வச்சுத் தேய்க்க மாட்டேன். சூட்டுல வெந்துபோகும்.” சலீம் எஃகுக் கட்டியை மேசைமேல் வைத்தார். “ரத்தம் ஓடாம இப்படியே விட்டா விரலையே எடுக்கணும்பாக பெரியவரே. கொஞ்சம் பயப்படுங்க.”

“உங்களால முடியாது. அதச் சொல்லுங்க மொதல்ல.”

“அறுக்க முடியாது.”

அந்தப் பட்டறையில் அப்படி ஒரு வார்த்தையை அவர் சொன்னதே கிடையாது. சொன்ன பிறகு சும்மா நிற்கவும் முடியவில்லை. போன வாரம் ஒரு டிப்பு கை தவறி சிமெண்டுத் தரையில் விழுந்து இரண்டாகப் போனது நினைவுக்கு வந்தது. கவ்விப் பிடிக்கும் பிளையரை எடுத்தார்.

“ஆனா ஒரு வழி இருக்கு. இதுக்கு வளையத் தெரியாது. இப்படிக் கவ்விக் கொஞ்சங்கொஞ்சமா இறுக்குனா கண்ணாடி மாதிரி பொட்டுன்னு ஒடஞ்சிரும். விரலுக்கு ஒண்ணும் ஆகாது.”

“பிளேடெல்லாம் தின்ன சாமான் நசுக்குனா ஒடஞ்சிருமாக்கும்?”

“ஒடையும். அதேன் இதோட கொற.”

“யாரும் உங்களுக்குப் போன் போட்டு இப்படிச் சொல்லச் சொல்லலையே?”

“எனக்கு யாரு சொல்லித் தரணும்? கைய நீட்டுங்க.”

பிளையரின் வாய் மோதிரத்தைத் தொட்டதுதான் தாமதம், ஒச்சாண்டி கையை இழுத்துக்கொண்டார். தோளில் கிடந்த துண்டால் பத்தை வழித்துத் துடைத்தார். உள்ளே வத்தலாக ஒரு விரல். வீக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. கையை ஓர் உதறு உதறினார். மோதிரம் கழன்று உள்ளங்கையில் விழுந்தது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பிளையரும் கையுமாக நின்றார் சலீம்.

“கோவிச்சுக்காதீக பாய். கையில கொடுத்துக் கேட்டிருந்தா ஒரு பார்வ பாத்து அனுப்பிருப்பீக. விரல் மாட்டுனதாலதேன் உள்ளதெல்லாம் போட்டுப் பாத்தீக,” என்றார் ஒச்சாண்டி. “எதுக்கும் அறுபடாதுன்னு பெரும பேச எவனாலயும் முடியும், நசுக்குனா ஒடஞ்சிரும்னு கொறையவும் மறைக்காமச் சொல்லித்தேன் இதக் கொடுத்தான், கோயமுத்தூர் டூல் கம்பெனியில இருந்து என் பேத்தியக் கேட்டு வந்த பய. நாளைக்கே பரிசம் போட வரச் சொல்லிர்றேன்.”