நிற்காத ஃபேன்

அந்த ஃபேன் நின்று அழகுமலை பார்த்ததே இல்லை.

கரண்டு போன நேரத்தைச் சொல்லவில்லை. கரண்டு இருக்கிற வீட்டுக்குள் அவர் கால் வைத்தால் அது சுற்றிக்கொண்டுதான் இருக்கும். இன்று காலை டீக்கடைக்குக் கிளம்பியபோதுகூடச் சுற்றியது. திரும்பி வந்தால் நிற்கிறது. சுவிட்சைத் தட்டினார், தட்டிக்கொண்டே இருந்தார். அசைவேனா என்றது.

கேரளப் பக்கத்து மலையில், ஏலக்காய் எஸ்டேட்டில் கங்காணியாகப் பாதி ஆயுசைக் கழித்துவிட்டு, முந்தின நாள்தான் பெட்டி படுக்கையோடு போடி வீட்டுக்கு இறங்கியிருந்தார். அதுவரை சனிக்கிழமை சாயங்காலம் ஜீப்பில் வருவார். ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு சாப்பிடுவார். திங்கள் விடியுமுன் மறுபடி ஜீப்பு ஏறிவிடுவார்.

“இனிமே மேல போகலை வள்ளி. வீட்டோடதான் இருக்கப் போறேன்,” என்று ராத்திரி மனைவி அமுதவள்ளியிடம் சொன்னார்.

சாப்பிட்ட தட்டை எடுத்தபடி அவள், “ம்,” என்றாள்.

அவ்வளவுதான். அந்த ஒரு ‘ம்’மை வைத்துக்கொண்டு விடியவிடியப் புரண்டார். சந்தோசமா, சலிப்பா? வாரத்துக்கு ஒருநாள் வருகிறவனுக்குக் கறி எடுத்துப் போடலாம். தினமும் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருப்பவனை எவள் சகிப்பாள்? இந்த வீட்டில் தனக்கென்று ஒரு சோலியாவது இருக்கிறதா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

அதனால் ஃபேன் நின்றதில் உள்ளுக்குள் அவருக்குச் சந்தோசமே. அமுதவள்ளி ஏலக்காய் பொறுக்கும் வேலைக்குப் போயிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் வருவதற்குள் சரிபண்ணிவிட்டு, காற்றில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். வாயைத் திறக்கக்கூடாது. அவளாகக் கேட்க வேண்டும்.

முதலில் மெயினை நிறுத்தணும். அது எங்கே இருக்கிறது என்று வீடெல்லாம் தேடினார். கடைசியில் பார்த்தால் வாசல் நிலைக்கு மேலே இருக்கிறது. வீடு கட்டும்போது ‘இங்கன வையி’ என்று அவரே கைகாட்டிய இடம்.

நிறுத்திய பிறகும் கரண்டை நம்ப மனசில்லை. அட்டை கடிக்காமலிருக்க எஸ்டேட்டில் போடும் கம்பூட்சை எடுத்து முழங்கால் வரை மாட்டினார். செடிக்கு மருந்தடிக்கும் ரப்பர் கையுறையையும் மாட்டினார். கைலி, பனியன், பூட்சு, கையுறை. பீரோக் கண்ணாடியில் தன்னைப் பார்த்ததும், யார் கூப்பிட்டாலும் கதவைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தார்.

சுவிட்சுப் பலகையைக் கழற்றினார். உள்ளே இரண்டு ஒயர்கள் எதிலும் சேராமல், முனையில் கறுப்பு டேப்பு சுற்றிக் கிடந்தன.

எலி இழுத்துவிட்டது என்று முடிவு கட்டினார். இழுத்த எலி டேப்பும் சுற்றிவிட்டுப் போகுமா என்று யோசிக்கிற அளவுக்கு அவருக்கு அப்போது பொறுமை இல்லை.

பழைய சுவிட்சு துருவேறியிருந்தது. புதுசு வாங்கத் தெருமுக்கிலிருக்கும் ஐசக்கின் எலெக்ட்ரிக் கடைக்குப் போன பிறகுதான் பூட்சைக் கழற்றாமல் வந்தது தெரிந்தது.

“ஃபேன் சுவிட்சு. ஒண்ணு மதி,” என்றார். ஆள் இறங்கிவிட்டாலும், ‘போதும்’ என்பதை ‘மதி’ என்னும் மலையாளம் இன்னும் மலையிறங்கவில்லை.

ஐசக் பூட்சைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். “அண்ணே, எதுக்கும் அக்காட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்களேன்.”

கேட்பதா? மலை முழுக்க ஆளை மேய்த்த கங்காணி, ஒரு சுவிட்சுக்குப் பெண்டாட்டியைக் கேட்பதா? வெடுக்கென்று வாங்கிக்கொண்டு நடந்தார்.

டேப்பைப் பிய்த்து ஒயரை மாட்டினார். மெயினைப் போட்டார். ஃபேன் சுற்றவில்லை. மெயினை நிறுத்தி ஒயரை மாற்றி மாட்டினார். சுற்றவில்லை. கடைசியில் மெயினைப் போட்டுவிட்டு, விளக்குமாற்றுக் கட்டையால் றெக்கையை ஒரு தள்ளு தள்ளினார். சோம்பேறி வேலையாளைப்போல ஒரு சுற்று சுற்றிக் காட்டிவிட்டு நின்றுகொண்டது. வேலையாளையாவது வையலாம். ஃபேனையும் வைதார்.

அந்த நேரம் பார்த்து அமுதவள்ளி உள்ளே வந்தாள். பூட்சையும் கையுறையையும் விளக்குமாற்றையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்னங்க, வீட்டுக்குள்ள அட்டை ஏறிருச்சா?”

“ஃபேனு கெட்டுப்போச்சு வள்ளி. நான் எல்லாம் பாத்துட்டேன். மோட்டாருதான் போயிருக்கும்,” என்றார் அவர், பெரிய மெக்கானிக் மாதிரி.

அவள் நேரே அடுப்படிக்குப் போனாள். கதவுக்குப் பின்னால் கையை விட்டாள். ‘டக்’கென்று ஒரு சத்தம். ஃபேன் சுற்றியது.

“நீங்க கழட்டிப் போட்ட சுவிட்சு போயி அஞ்சாறு வருசமாச்சு. ஐசக்குதான் இங்கன புதுசா ஒண்ணு வச்சுக் குடுத்தான். காலையில வேலைக்குப் போறப்ப இதைத்தான் அமத்திட்டுப் போனேன்.”

“எங்கிட்டச் சொல்லவே இல்லையே?”

“நீங்க என்னைக்கு ஃபேன் போட்டீங்க, சொல்றதுக்கு? முக்குல ஜீப்பு சத்தம் கேட்டதும் நான் போட்டுருவேன். உள்ள நுழையும்போது காத்து வரணும்ல.”

அழகுமலை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மழையில் ஜீப்பு பிந்தி வந்த சனிக்கிழமைகள் ஞாபகத்துக்கு வந்தன. ஒருமுறை பெரிய சண்டை போட்டு, சொல்லாமல்கூட மலையேறிப் போனார். அதற்கு அடுத்த சனிக்கிழமை அவள் முகம்கொடுத்துப் பேசவில்லை. ஆனால் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

அழுகை வந்துவிட்டது. கம்பூட்சு போட்டுக்கொண்டு அழுதால் ஊர் சிரிக்கும். பூட்சைக் கழற்றுவதுபோல் குனிந்துகொண்டார்.

“நாளையிலருந்து நீ வேலை விட்டு வரும்போது நான் போட்டு வைக்கிறேன்,” என்றார், குனிந்தபடியே.

சோற்றுத் தட்டை எடுத்து வைத்தபடி அவள், “ம்,” என்றாள்.

ராத்திரி சொன்ன அதே ‘ம்’தான். அப்போதே விளங்கியிருந்தால் ஒரு சுவிட்சு மிச்சமாகியிருக்கும்.