நாலு விரல் உயரம்

“நிமிர்ந்து உட்காரும்மா. எத்தனை தடவைதான் சொல்றது?”

லாம் களைத்த குரலில் சொன்னார். சா தெக் ஊரிலிருந்து மகள் குயென்னை மோட்டார் சைக்கிளில் உட்கார வைத்துக்கொண்டு விடியுமுன் கிளம்பியவர். இப்போது மணி பதினொன்று. எலும்பு டாக்டரின் அறை வாசலில் இன்னும் இருபது பேர் இருந்தார்கள்.

பத்து வயதுக் குயென் கொஞ்சம் நிமிர்ந்தாள். அடுத்த நிமிடமே பழைய கூன். பிறந்தபோது சுண்டுவிரல் அளவுதான் இருந்தாள் என்று வீட்டில் அவளுக்கு ‘இறால்’ என்று செல்லப்பெயர். எந்த நேரத்தில் அந்தப் பேரை வைத்தோமோ, இறாலாகவே வளைந்துவிட்டாளே என்று அவள் அம்மா அழாத நாளில்லை.

இந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்துதான் இப்படி. லாம் செய்யாத வைத்தியம் இல்லை. ஆளாளுக்குச் சொன்ன தைலத்தையெல்லாம் தேய்த்தாயிற்று. தினமும் சாயங்காலம் சுவரோடு ஒட்டி அரை மணி நேரம் நிற்க வைத்தார். ஒருநாள் பொறுமை போய் முதுகில் ஒன்று வைத்தும்விட்டார். அன்று அவரும் சாப்பிடவில்லை.

இருபது வருஷம் சூளையில் செங்கல் சுமந்த தன் முதுகு வளைந்தது சரி. முதல் பெஞ்சில் உட்கார்ந்து முதல் மார்க் வாங்குகிற பெண்ணுக்கு ஏன் வளைய வேண்டும்? படித்து, ஒரு நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவாள் என்றுதானே இத்தனை பாடும்!

“நம்ம நம்பர் வந்துடுச்சாப்பா?”

“எதிர்ச் சுவத்துலதானே நம்பர் பெருசா எரியுது. வந்தா தெரியாதா?” அலுப்பில் எரிந்து விழுந்தார். உடனே பாவமாகவும் இருந்தது.

ஒருவழியாகக் கூப்பிட்டார்கள். டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். குயென்னைப் படுக்க வைத்து உச்சி முதல் உள்ளங்கால் வரை அளந்தார். பள்ளிக்கூடத்து உடல்நல அட்டையை வாங்கிப் புரட்டினார். மறுபடியும் அளந்தார்.

“அண்ணே, எலும்பெல்லாம் பாக்கு மரம் மாதிரி நேரா இருக்கு. ஒரு கோளாறும் இல்ல. ஆனா அட்டையில போட்டிருக்கறதைவிட நாலு விரல் உசரமா இருக்கா. ஸ்கூல்ல அளக்கறப்போ முழங்காலையும் சேர்த்து மடக்கியிருக்கா உங்க பொண்ணு.”

லாம் மகளைத் திரும்பிப் பார்த்தார். அப்படியானால் இத்தனை நாளும் நடிப்பா? கோபப்படக்கூடத் தெம்பில்லை.

“ஏம்மா இப்படிப் பண்ணினே? அம்மா எத்தனை நாள் அழுதா தெரியுமா?”

குயென் நகத்தைக் கடித்தாள். “லீவுல வளர்ந்துட்டேன்பா. நேரா நின்னா, உசரமா இருக்கேன்னு டீச்சர் கடைசி பெஞ்சுக்கு அனுப்பிடுவாங்க.”

“அனுப்பட்டுமே. அங்க உட்கார்ந்தா படிப்பு வராதா?”

அப்பாவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“எப்படிப்பா வரும்? அங்கேருந்து பார்த்தா யாருக்குமே போர்டுல எழுதினது தெரியாதே!”