புல்லட்டுக்கு மட்டும்

"புல்லட் வெச்சிருக்கவங்களுக்கு மட்டும்தான் ஐயா. தப்பா நெனச்சுக்காதீங்க" என்றாள் ஷீலா.

ராக்கப்பன் தன் பழைய யெஸ்டி மோட்டார் சைக்கிளை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். வயது ஐம்பத்தைந்து இருக்கும். வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையாக வந்து கேட்கிறார். மூன்று வாரமும் இதே பதில்தான்.

மின்னி பே கடற்கரைச் சாலையில் ஞாயிறு காலை ஏழு மணிக்கெல்லாம் புல்லட்டுகள் வரிசை கட்டிவிடும். போர்ட் பிளேர் புல்லட் சங்கத்தார் அங்கே டீ குடித்துவிட்டு சிடியா டாப்பு வரை ஒரு சுற்று போய் வருவார்கள். அந்த டீக்கடை ஓரத்தில் ஒரு மடக்கு மேசை போட்டு, ஷீலா தன் பாட்டுகளை மெமரி கார்டில் விற்றாள். அவளே எழுதி, அவளே பாடி, லம்பா லைனில் மொபைல் கடை வைத்திருக்கும் சுதாகரின் பின்னறையில் பதிவு செய்த ஆறு பாட்டுகள்.

நெட்டில் போட்டால் யாருக்கும் போய்ச் சேராது. 2015-லும் தீவில் ஒரு பாட்டு இறங்குவதற்குள் மதியச் சாப்பாடே முடிந்துவிடும். கார்டில் விற்கலாம் என்றது சுதாகர். புல்லட்காரர்களுக்கு மட்டும் என்றது ஷீலா. பாட்டுக் கேட்க வருகிற ஆட்களே கொஞ்சம், அதிலும் பாதியை விரட்டினால் எப்படி என்று அவன் சண்டைகூடப் போட்டான். அவள் காரணம் சொல்லவில்லை. பிடிவாதமாக இருந்துவிட்டாள்.

அதுவே பலித்தது. மற்ற வண்டிக்காரர்களுக்குக் கிடைக்காத பாட்டு என்றதும் புல்லட்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. அதிலும் முதல் பாட்டு. ஒரு சின்னப் பெண்ணை டேங்க் மேல் உட்காரவைத்துக்கொண்டு ஒரு வண்டி மேடேறுகிற பாட்டு. புல்லட்டின் சத்தத்தையே தாளமாக வைத்திருந்தாள். வங்காளிப் பையன்களும் தெலுங்குப் பையன்களும் தமிழ் புரியாமலே அதைப் பாடிக்கொண்டு திரிந்தார்கள். ரங்கத்திலிருந்தும் டிக்லிப்பூரிலிருந்தும் ஆள் சொல்லியனுப்பி வாங்கினார்கள்.

வாங்குகிற ஒவ்வொருவரிடமும் ஷீலா ஒரு நோட்டை நீட்டுவாள். பெயர், போன் நம்பர், வண்டி வாங்கிய வருஷம், எந்தெந்தத் தீவில் ஓட்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் எழுத வேண்டும். வியாபார மூளை என்று சுதாகர் மெச்சிக்கொண்டான்.

சங்கத் தலைவர் பன்னீர்செல்வம் டீ கிளாசுடன் வந்தார். ரோடு காண்டிராக்டர்.

"அரே பாய், இன்னுமா இந்த யெஸ்டி? மெயின்லேண்ட்லயே இதுக்கு ஸ்பேர் கிடைக்கறதில்ல. வித்துட்டு ஒரு புல்லட் எடுங்க. பாட்டும் கிடைக்கும், எங்களோட வரவும் செய்யலாம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ராக்கப்பன் கோபப்படவில்லை. இருபத்தைந்து வருஷமாக இதே வண்டிதான், வேலைக்குப் போன தீவுக்கெல்லாம் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோன வண்டி, விற்க மனசு வராது என்று மட்டும் சொன்னார்.

சங்கம் கிளம்பியது. சத்தம் வளைவில் திரும்பித் தேய்ந்தது. ராக்கப்பன் மட்டும் போகாமல் நின்றார்.

ஷீலாவுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு கார்டை எடுத்து நீட்டினாள். "வெச்சுக்குங்க ஐயா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அவர் வாங்கிக்கொள்ளவில்லை. "ஏன் புல்லட்டுக்கு மட்டும்னு மொதல்ல சொல்லும்மா."

சுதாகரிடம்கூடச் சொல்லாததை அந்தப் பெரியவரிடம் ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவளுடைய அப்பா நிக்கோபாரில் கட்சால் தீவில் ரப்பர் தோட்டத்து ஆள். சுனாமி வந்த காலையில் அவளுக்கு ஏழு வயது. அம்மாவோடு கரையோரம் நின்றவளை, வேலைக்கு வந்திருந்த யாரோ ஒருவர் தூக்கி வண்டி டேங்க்கில் வைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி மேட்டுக்கு ஏற்றினார். அம்மாவைக் கூட்டி வருகிறேன் என்று மறுபடி கீழே போனார். இரண்டு பேருமே வரவில்லை. அவர் முகம் அவளுக்கு நினைவில்லை, பேர் யாருக்கும் தெரியவில்லை. வண்டி பெரிய சத்தம் போட்டது என்று நிவாரண முகாமில் அவள் சொன்னபோது, அப்படியானால் அது புல்லட்டாகத்தான் இருக்கும் என்றார்கள்.

"செத்துட்டார்னுதான் எல்லாரும் சொல்றாங்க. உசிரோட இருந்தா இன்னும் புல்லட்தான் ஓட்டுவார். அவங்க வண்டிய மாத்த மாட்டாங்க, பாத்தீங்கல்ல? அவங்களுக்கு மட்டும்னு வித்தா, தீவுல ஒரு புல்லட்காரர் பாக்கி இல்லாம என்னைத் தேடி வந்துருவாங்கன்னு நெனச்சேன்."

ராக்கப்பன் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"பாதி வழியில ரோடு முறிஞ்சு கெடந்துச்சு பாப்பா" என்றார். "வண்டிய அங்கயே போட்டுட்டு எறங்கி ஓடினேன். உங்கம்மா நின்ன எடமே இல்ல. அடுத்த அலையில என் கால் நசுங்கிடுச்சு. மெயின்லேண்ட் ஆஸ்பத்திரியிலதான் முழிச்சேன். தேறித் திரும்பி வந்தப்ப வண்டி மேட்டுலயே கெடந்துச்சு, நீதான் இல்ல. டீக்கடையில உன் பாட்டைக் கேட்டதுலேருந்து சொல்லிடணும்னு வாராவாரம் வந்தேன். உன் முன்னாடி நின்னா வாய் வரல."

ஷீலா எழுந்து நின்றாள்.

அவர் காலை இழுத்தபடி போய் யெஸ்டியின் டேங்க் மேல் கை வைத்தார்.

"நீ கண்ணை மூடியிருந்த, அதான் தெரியல. அது புல்லட் இல்லம்மா. இதுலதான் உக்காந்திருந்த."