பேத்தியின் உயரம்

ஹெஸல் மாமா என் சைக்கிள் கடைக்குள் வந்ததும் தன் மார்புக்கு நேரே உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினார்.

"இவ்ளோ உயரம்."

போன வருடம் கை இன்னும் கீழே இருந்தது. அதற்கும் முன்னால் இடுப்பருகே. ஏப்ரல் பிறந்து, கனத்த கோட்டைக் கழற்றலாமா வேண்டாமா என்று ஊர் யோசிக்கிற நாட்களில் மனிதர் வந்துவிடுவார்.

"உங்க பேத்தி என்ன மாமா, சைக்கிளைத் திங்கிறாளா? ஒண்ணு வாங்கினா மூணு வருஷம் ஓட்டலாமே."

"வளர்ற பிள்ளைம்மா."

அவ்வளவுதான் பதில். எங்கள் ஃப்ரீஸ்லாந்து மாகாணத்து ஆளிடம் பேச்சை வாங்குவதற்குக் கல்லில் நார் உரித்துவிடலாம்.

எங்கள் ஊரில் பாதி வீடுகளுக்குச் சோறு போட்டது சைக்கிள் தொழிற்சாலை. ஹெஸல் மாமா ஓய்வு பெறும்வரை அங்கே சக்கரம் கோத்தவர். நம் சைக்கிளை நாமே வாங்காவிட்டால் வேறு எவன் வாங்குவான் என்பதுதான் அவருடைய வேதம். வெளிநாட்டுச் சைக்கிளில் யாராவது அவர் வீட்டுக்குப் போனால் காபி கிடைக்கும். கூட வைக்கிற ஒற்றை பிஸ்கட் கிடைக்காது.

மகள் தினேகே கோபித்துக்கொண்டு போனதும் அந்த வேதத்தால்தான். ஊருக்கே தெரிந்த கதை அது. கைக்குழந்தை நீன்கேயை முன்னிருக்கையில் உட்காரவைத்து, மலிவாக வாங்கிய வெளிநாட்டுச் சைக்கிளில் அவள் பக்கத்து ஊரிலிருந்து வந்து இறங்கினாள். நல்ல மழை.

அது வேலிக்கு வெளியே நிற்கட்டும் என்றாராம் இவர்.

அப்படியென்றால் நாங்களும் வெளியே நிற்கிறோம் என்று திரும்பி மிதித்துப் போய்விட்டாளாம் அவள்.

சிரித்துச் சிரித்துப் பழசாகிப்போன கதை. வருடா வருடம் பேத்திக்குச் சைக்கிள் போகிறதென்றால் எப்போதோ சமாதானம் ஆகிவிட்டது என்றுதானே அர்த்தம்? பழைய சைக்கிள்களை, ராஜா பிறந்தநாளன்று ஊரே பழசை விற்கும் தெருச்சந்தையில் நீன்கேயே விரித்து விற்றிருப்பாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

"இந்த உயரத்துக்குப் பெரியவங்க சைக்கிள்தான் மாமா."

"ஆமா. பெரிய பள்ளிக்கூடம் போகப் போறால்ல. முன்னாடி பைக்கட்டு வைக்க நல்ல கேரியரா போடு." சொல்லும்போது முகமெல்லாம் பெருமை.

நீல வண்டி ஒன்றை வெளியே எடுத்தேன். அதன் சட்டத்தை அவர் தடவிக்கொண்டிருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"இப்பல்லாம் இந்தச் சட்டமே கப்பல்லதான் வருது மாமா. நம்ம ஊர்ல பெயிண்ட் அடிச்சுக் கோக்கிறதோட சரி."

கை நின்றது.

"தெரியும்," என்றார். "நான் வேலையில இருந்தப்பவே வர ஆரம்பிச்சாச்சு."

ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது எனக்கு. பேச்சை மாற்றக் கையை நீட்டினேன். "பேத்தி பிறந்தநாளுக்கு வாழ்த்துகள், மாமா."

பிறந்தநாள் யாருடையதாக இருந்தாலும் வீட்டில் உள்ள எல்லோருக்கும் கைகொடுத்து வாழ்த்துவது எங்கள் வழக்கம். அவர் எப்போதும்போல் என் கையைக் கொஞ்ச நேரம் கூடுதலாகவே பிடித்திருந்தார்.

வழக்கமாக வண்டியைத் தானே உருட்டிக்கொண்டு போவார். இந்த வருடம் இடுப்பில் அறுவை சிகிச்சை, கையில் தடி. நான் வேனில் ஏற்றி, அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

பிறந்தநாள் வீடு மாதிரி இல்லை. ஜன்னலில் தோரணம் இல்லை. சமையலறை மேடையில் ஒரே ஒரு கோப்பை கவிழ்த்து வைத்திருந்தது.

"பின்னாடி கொட்டகையில வச்சிடு, ஃபெம்கே."

கொட்டகைக் கதவைத் தள்ளினேன்.

சுவரோரம் வரிசையாகச் சைக்கிள்கள். முழங்கால் உயரத்தில் ஒன்று, அடுத்தது அதைவிடக் கொஞ்சம் பெரிது, அடுத்தது இன்னும் கொஞ்சம். எல்லாம் நான் விற்றவை. சட்டத்தில் சுற்றிக்கொடுத்த அட்டைகூடப் பிரிக்கப்படவில்லை. ஒவ்வொரு கைப்பிடியிலும் ரிப்பன் முடிச்சு. எல்லாவற்றிலும் சின்னதில் மட்டும் ரிப்பன் நனைந்து சாயம் போயிருந்தது.

அவர் தடியை ஊன்றிப் பின்னாலேயே வந்து நின்றார்.

"அது ஒண்ணைத்தான் அனுப்பினேன். திரும்பி வந்துடுச்சு."

வாயாடி என்று ஊரில் பெயர் எடுத்த நான் அசட்டுத்தனமாக ஒன்று கேட்டேன்.

"அப்ப உயரம் எப்படி மாமா தெரியும்?"

"அடுத்த தெருவுல அதே வயசுல ஒரு பொண்ணு இருக்கு. தினம் இந்த வழியாத்தான் போகும். அதைப் பார்த்து வச்சுக்குவேன்."

நீல வண்டியை வரிசையின் கடைசியில் நிறுத்தினேன். கொட்டகையிலேயே உயரமானது அதுதான். அவர் தன் சட்டைப் பையிலிருந்து ரிப்பனை எடுத்து, அவசரமே இல்லாமல் கைப்பிடியில் கட்டினார்.

"இதுக்கு மேல பெரிய சைஸ் கிடையாதுல்ல?"

"கிடையாது மாமா."

"அப்ப அடுத்த வருஷம்..." என்று ஆரம்பித்தவர் தோட்டத்தைப் பார்த்தார்.

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்தேன். குனிந்தால் டயரை அழுத்திப் பார்ப்பது கடைக்காரியின் பழக்கதோஷம். சாயம் போன ரிப்பன் கட்டிய அந்தக் குட்டிச் சைக்கிளின் டயரை விரலால் அழுத்தினேன்.

இன்று காலைதான் அடித்ததுபோல் காற்று நிறைந்திருந்தது.