எட்டு மணிக்கு வந்த கோளாறு

“மிதிச்சுகினுதான் கீறேன் தம்பி. வண்டிதான் கேக்க மாட்டேங்குது!”

டிரைவர் சீட்டில் இருந்தபடியே ஆபிரகாம் சலித்துக்கொண்டார். அவருடைய பதினேழு வருஷத்துப் பழைய டீசல் ஜீப், திருப்போரூர் சாலையோர ஒர்க்‌ஷாப் முன்னால் நின்று உறுமியது, தொய்ந்தது, மறுபடி உறுமியது.

மெக்கானிக் பார்த்திபன் பானெட்டுக்குள்ளிருந்து தலையை எடுத்தான். “ஏர் பில்டர் சுத்தமா கீது. டீசல் பில்டர் புதுசு. குழாய் எதுவும் ஒழுகல. அப்புறம் இன்னா பேஜாரு இதுக்கு?”

“அத நீதான் சொல்லணும் நைனா. சீக்கிரம் சொல்லு. பதினோரு மணிக்கு மதுராந்தகத்துல எம் பொண்ணு ஜாய்சுக்கு நிச்சயம். வூட்டு ஆளுங்க எல்லாம் விடியகாலமே கோவளத்துலேர்ந்து வேன்ல போயிட்டாங்க. பத்தர் இன்னிக்கிதான் மோதிரத்தக் குடுத்தாரு. நான் போனாத்தான் அங்க நிச்சயமே!”

இடது கையால் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். வலது கையிலிருந்த டீ கிளாஸ் சாய்ந்து வேட்டியில் கொட்டியது. இருந்த அவசரத்தில் அவர் அதைக் கவனிக்கவில்லை.

பார்த்திபன் எஞ்சின் பக்கமிருந்த ஆக்சிலேட்டர் கம்பியைக் கையால் இழுத்தான். சத்தம் ஒரே சீராக ஏறியது.

“பாத்தியா? இப்ப நல்லா கீது!” என்றார் ஆபிரகாம்.

“இப்ப நீங்க மிதிங்க.”

ஏறியது. பாதியில் தொய்ந்தது.

“அப்போ நடுவுல கேபிள்தான் மாட்டிக்குது போல.” பார்த்திபன் டிரைவர் பக்கம் வந்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே தலையை விட்டுப் பார்த்தான். “மிதிங்க… நல்லா… இன்னொரு தபா.”

சற்று நேரம் அப்படியே குனிந்திருந்தான். நிமிர்ந்தபோது அவன் முகம் மாறியிருந்தது.

“இது எப்ப ஆரம்பிச்சுது? கரெக்டா நேரத்தச் சொல்லுங்க.”

“நேரம் இன்னாத்துக்கு?”

“சொல்லுங்க அண்ணாத்த!”

“கேளம்பாக்கம் தாண்டசொல்ல. எட்டு மணி இருக்கும். அதுவரிக்கும் குதிர மாதிரி வந்துது.”

பார்த்திபன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். எட்டு நாற்பது. பானெட்டை அறைந்து மூடினான். போனில் யாரையோ அழைத்தான். “சுஜாதா, ஒரு ஜீப்ப எடுத்துகினு வரேன். நீ எப்பவும் சொல்ற அந்தக் கோளாறுதான். எட்டு மணிக்கு ஆரம்பிச்சுகீது. ஆளுங்களை ரெடியா வெய்யி.”

“யாருப்பா சுஜாதா? ஸ்பேர் பார்ட்ஸ் கடையா?”

“என் வூட்டுக்காரி. செங்கல்பட்டுல வேலை. இந்தக் கோளாறுக்கெல்லாம் அவதான் கரெக்டு. தள்ளுங்க, நான் ஓட்டறேன்.”

தூக்காத குறையாக அவரைப் பக்கத்து சீட்டுக்கு நகர்த்தி, பெல்ட்டை மாட்டிவிட்டான். ஒர்க்‌ஷாப் வாசலில் கிடந்த எதையோ எடுத்துப் பின் சீட்டில் போட்டான். ஜீப் கிளம்பியது.

கிளம்பியதா? பறந்தது. முன்னால் போன பஸ்ஸை ஒரே மூச்சில் தாண்டியது.

“அட, சரியாயிட்ச்சே!” என்றார் ஆபிரகாம். “போதும், நிறுத்து. நானே போய்க்கிறேன்.”

“நிறுத்த முடியாது.”

“இன்னாது?”

“பேசாம வாங்க… இல்ல, பேசிகினே வாங்க. தூங்கிடாதீங்க.”

வீடுகள் மறைந்து காட்டு வளைவுகள் தொடங்கின. ஆள் நடமாட்டம் இல்லை. ஆபிரகாமுக்குச் சட்டைப்பை கனத்தது. முன்பின் தெரியாத மெக்கானிக். நன்றாக ஓடும் வண்டியைத் திருப்பித் தர மறுக்கிறான். மோதிரம் இருப்பதை நாமே வாய்விட்டுச் சொல்லிவிட்டோமே!

“டேய், மோ… மோதிரத்துக்குத்தானே?” கோபத்தில் அவருக்கு வார்த்தை சரியாக வரவில்லை. “எம் பொண்ணு… காத்துகினு…”

“தெரியும் அண்ணாத்த” என்ற பார்த்திபன் ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தினான்.

ஆபிரகாம் கண்களை மூடினார். ஏசப்பா, இந்தப் பாவியிடமிருந்து என்னைக் காப்பாற்று என்று வேண்டினார். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவனின் உதடுகளும் தன் சாமியை நினைத்து ஓயாமல் அசைந்துகொண்டிருந்ததை அவர் பார்க்கவில்லை.

செங்கல்பட்டு வந்தது. மதுராந்தகம் போகும் நெடுஞ்சாலையில் திரும்பாமல், ஜீப் வேறொரு தெருவுக்குள் புகுந்து ஒரு பெரிய கேட்டுக்குள் நின்றது. பார்த்திபன் கையை நீட்டினான்.

“மோதிரத்தக் குடுங்க.”

ஆபிரகாம் சட்டைப்பையை இடது கையால் இறுகப் பொத்திக்கொண்டார். கத்த நினைத்தார், குரல் வெளியே வரவில்லை.

அதற்குள், வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் முன்னால் ஓடிவர, இரண்டு பேர் ஸ்டிரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். “எட்டு மணிதானே? பக்கவாத ஊசி போட இன்னும் நேரம் இருக்கு, பயப்படாதீங்க” என்றாள் சுஜாதா.

“யா… யாருக்கு?” என்றார் ஆபிரகாம்.

பார்த்திபன் பின் சீட்டிலிருந்து ஒற்றைச் செருப்பை எடுத்து, குனிந்து அவருடைய வலது காலில் மாட்டிவிட்டான். “மோதிரம் பொண்ணு கைக்குப் போயிடும், அது எம் பொறுப்பு. உங்க ஆளுங்களையும் நானே இட்டுகினு வரேன். இது கழண்டு விழுந்ததுகூட உங்களுக்குத் தெரியல அண்ணாத்த… வண்டியில ஒரு கோளாறும் இல்ல.”

ஆபிரகாம் அந்தக் காலை அசைக்கப் பார்த்தார்.

காலையிலிருந்து கேட்க மறுத்தது வண்டி அல்ல, அதுதான்.