பொட்டு வைத்த கேபிள்

சர்வர் அலமாரியின் மூன்றாவது இடத்துக்குப் புதிதாக வந்த ஹார்ட் டிஸ்க் அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பார்த்தது. அங்கே வந்த எந்த டிஸ்க்கும் நிலைத்ததில்லையாம். ஃபைல்கள் கெட்டுப்போகும், உடனே டிஸ்க்கைக் கழற்றி வீசிவிடுவார்கள்.

பயந்தபடியே முதல் ஃபைல் சிதைந்து வந்தது. "ஐயோ, நான் ஒண்ணுமே பண்ணலையே!" என்று பதறிப் பின்னால் பார்த்தது. ஃபைல்களைக் கொண்டுவந்து கொடுக்கும் கேபிளின் முனையில் ஆயுத பூஜைக் குங்குமம் ஈரத்தோடு உள்ளே இறங்கிக் களிம்பேறியிருந்தது.

"கேபிளண்ணே, கோளாறு உங்க வாயிலதான் இருக்கு. துடைச்சுக்கக் கூடாதா?"

"சாமி பொட்டைத் துடைக்கிறதா? பூஜை போட்டதிலிருந்து என்மேல ஒருத்தரும் கை வைக்கல, தெரியுமாடா?" என்று கேபிள் நிமிர்ந்துகொண்டது.

அலமாரிக் கதவு திறந்தது. சர்வர்களைப் பராமரிக்கும் திருமேனி உள்ளே கைவிட்டார்.

"சார், நானில்லை சார்! பின்னாடி பாருங்க!"

டிஸ்க் கதறியது அவர் காதில் விழவில்லை. அதைப் பிடுங்கிக் குப்பைப் பெட்டியில் போட்டுவிட்டு, வேறொரு புது டிஸ்க்கைச் செருகினார்.

"இதாவது நிலைக்கணும், சாமி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டவர், குங்குமத்தைக் குழைத்துக் கேபிளுக்கு இன்னொரு பொட்டு வைத்தார்.