துணைக்கு வந்தவன்

சுஐபு குடிக்கிறான் என்ற சேதி மூன்றே நாளில் பாம்பனைத் தாண்டிக் கீழக்கரைக்குப் போய்விட்டது. அங்கே பேசி முடித்திருந்த அவன் மகள் மலிகாவின் நிக்காஹ் நின்றுபோகிற நிலைக்கு வந்தது.

மாப்பிள்ளையின் வாப்பா பாக்கர் ஆள் அனுப்பியிருந்தார். "மாதா கோயில் கொட்டகையில, குடிகாரங்க கூட்டத்துல ஒங்களைப் பாத்ததாச் சொல்றாக. வந்து வெளக்கம் சொல்லுங்க."

ஊரே வாயைப் பிளந்தது. இன்னாசி மட்டும் ஆச்சரியப்படவில்லை. பதினோரு மாசமாகச் சுஐபோடு அந்தக் கூட்டத்துக்குப் போய் வருகிறவனே அவன்தானே!

இருவருக்கும் சேர்த்து ஒரே வள்ளம். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுஐபு தயங்கித் தயங்கி வந்து நின்றான்.

"ஏலே இன்னாசி, குடிய விடுறவங்களுக்குன்னு சவேரியார் ஒரு கூட்டம் போடுறாராம்ல. தனியாப் போக வெக்கமா இருக்கு. தொணைக்கு வாரியா?"

இன்னாசிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐந்து வேளை தொழுகிற ஆளா இப்படி! உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமும் வந்தது, இல்லையென்று சொல்வானேன்.

இன்னாசியும் குடிப்பான். தினமும் குடிப்பான். மதுவிலக்கு வந்து பத்து வருஷமாகியும் பனங்காட்டுக்குள் காய்ச்சுகிறவர்களுக்கு அந்தச் சேதி எட்டவில்லை. ஒருதரம் போதையில் சுக்கானை விட்டுவிட்டு வள்ளத்தைப் பாறையில் ஏற்றியிருக்கிறான். ஆனாலும் அவன் கணக்கில் அவன் குடிகாரன் இல்லை. குடிகாரன் என்றால் ரோட்டில் விழுகிறவன். இன்னாசி வீட்டுக்கு வந்துதான் விழுவான்.

கூட்டத்தில் பத்துப் பேர் இருந்தார்கள். சவேரியார் குடித்துக் கெட்டுத் தெளிந்தவர். சுவரில் ஆணியடித்து ஆளுக்கொரு கயிறு தொங்கவிட்டிருந்தார். குடிக்காத வாரத்துக்கு ஒரு முடிச்சு. குடித்துவிட்டால் கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டுப் புதுக் கயிறு.

"நான் சும்மா தொணைக்கு வந்தவன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டான் இன்னாசி. சுஐபு தலையைக் குனிந்துகொண்டான்.

"தொணைக்கு வந்தவுகளுக்கும் கயிறு உண்டு" என்றார் சவேரியார்.

குடியை விடப் பார்க்கிற கூட்டாளி பக்கத்தில் நாறிக்கொண்டு உட்காருவது நியாயமா? இன்னாசி சனிக்கிழமைக் குடியை விட்டான். அப்புறம் வெள்ளி. அப்புறம் மிச்ச நாளும் ஒவ்வொன்றாகப் போயிற்று. எத்தனையோ கயிறு அறுந்து, இப்போது அவன் கயிற்றில் இருபத்தெட்டு முடிச்சு. சுஐபின் கயிற்றிலோ முதல் வாரத்திலிருந்து ஒரு முடிச்சும் தவறவில்லை. என்ன வைராக்கியம் இவனுக்கு என்று இன்னாசி வியந்துபோவான்.

இப்போது அந்த வைராக்கியம் பிள்ளை கல்யாணத்தில் வந்து முட்டி நிற்கிறது. சுஐபின் மனைவி லத்தீபா அழுது ஓய்ந்துவிட்டாள். சுஐபு வாயே திறக்கவில்லை.

இன்னாசிக்கு மனசு கேட்கவில்லை. தோளில் தூக்கிச் சுமந்த பிள்ளை மலிகா. விடிந்ததும் ரயிலும் பஸ்ஸும் மாறிக் கீழக்கரைக்குப் போனான். வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் பண்ணிக்கொண்டே போனான். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லித் தீர்த்துக்கொள்ளலாம்.

"மொதலாளி, சுஐபு குடிச்சதே இல்ல. குடிகாரன் நான்தான். தனியாப் போக எனக்கு வெக்கம். அவன் எனக்குத் தொணைக்குத்தான் வந்தான். அந்தோனியார் மேல சத்தியம்!"

சொல்லும்போதே நாக்குக் கூசியது. அந்தோனியாரே, மன்னிச்சிரும்.

பாக்கர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒங்க பேரு?"

"இன்னாசி. அவனும் நானும் ஒரே வள்ளம்."

"அப்ப அந்த ஆளு நீங்கதானா!"

இன்னாசி விழித்தான்.

"நேத்து சுஐபு இங்கன வந்தாக. கைகால் மொகம் கழுவி ஒளுச் செஞ்சு, பள்ளிவாசல்ல நின்னு, 'என் வாயில ஒரு சொட்டுப் பட்டதில்ல, ஒரு கூட்டாளிக்காகத்தான் போறேன்'னு சொன்னாக. யாரு அந்தக் கூட்டாளின்னு கேட்டேன். பேரைச் சொல்ல மாட்டேன்னுட்டாக."

"ஏன்?"

"'நான் யாருக்காகப் போறேன்னு தெரிஞ்சா, அவன் அங்கன கால வைக்க மாட்டான்'னாக. பேரு தெரியாம நான் எப்படி நம்புறது, நிக்காஹ் நின்னுருமேன்னேன். 'அல்லா பாத்துக்குவான்'னு எந்திரிச்சுப் போயிட்டாக."

இன்னாசி யோசித்துப் பார்த்தான். தனியாகப் போக வெட்கம் என்று சொன்னானே ஒழிய, குடிக்கிறேன் என்று சுஐபு ஒருநாளும் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்துக்கென்று வைத்திருந்த பொய் பொய்யாகவே இல்லை.

"சொன்ன தேதியில நிக்காஹ் நடக்கும்னு போய்ச் சொல்லுங்க" என்றார் பாக்கர்.

ஞாயிற்றுக்கிழமை சுஐபு வழக்கம்போல வாசலில் வந்து நின்றான். "ஏலே இன்னாசி, தொணைக்கு வாரியா?"

"வாரேன்" என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டான் இன்னாசி.

கூட்டத்தில் அவன் முறை வந்தது. எழுந்து நின்றான்.

"நான் இன்னாசி. குடிகாரன்" என்றான். "இந்தா, தலையக் குனிஞ்சு உக்காந்திருக்கானே, இவன்தான் தொணைக்கு வந்தவன்."